தேவிகுளம்: இரண்டு தேர்தல்கள், இரண்டு காகிதங்கள்

2021 மே 2 அன்று வாக்கு எண்ணி முடித்த ஒரு தொகுதிக்கு, அதன் உறுப்பினர் இவர்தான் என்ற கடைசி வார்த்தை 2025 மே 6 அன்றுதான் வந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள தேவிகுளம் அது. ஐந்தாண்டுப் பதவிக்கான தேர்தல் முடிவு உறுதியாக நான்கு ஆண்டுகளும் நான்கு நாட்களும் ஆயின. இத்தனைக்கும் எண்ணிக்கையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வித்தியாசம் 7,848 ஓட்டு. மறு எண்ணிக்கை வேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

இதே தொகுதியில் 1957லும் முடிவு நீதிமன்றப் படியேறியது. அப்போது தீர்ப்பாயம் தேர்தலை ரத்து செய்து, இடைத்தேர்தல் நடந்து, மக்கள் இரண்டாம் முறை ஓட்டுப் போட்டு எல்லாம் முடிய ஒன்றேகால் ஆண்டுதான் ஆனது. இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், மலைமேல் வாழும் தமிழர்களின் ஓட்டு எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்பது தெரிகிறது. அது பெட்டியில் சிக்கவில்லை, காகிதத்தில் சிக்கியது. ஒருமுறை தள்ளுபடியான வேட்புமனு, இன்னொரு முறை சாதிச் சான்றிதழ்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை, வட்டவடை, காந்தளூர், மறையூர், சின்னக்கானல் என்று பரந்து கிடக்கிறது தொகுதி. போடிமெட்டு இறங்கினால் தேனி மாவட்டம், மறையூர் வழியாக இறங்கினால் உடுமலைப்பேட்டை. முதுவான் மக்களின் இடமலைக்குடியும் இதற்குள்தான் வருகிறது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களின் பாட்டன் பூட்டன் காலத்தில் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கூட்டி வந்தவர்கள். 1956இல் மாநில எல்லைகளைத் திருத்தியபோது கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் போராடிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. அந்த முடிவுக்கு நான்கு மாதம் கழித்து நடந்ததுதான் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல்.

அந்தத் தேர்தலில் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். சட்டமன்றம் கூடியபோது முதலில் உறுதிமொழி எடுத்தவரும் தற்காலிக சபாநாயகராக அமர்ந்து மற்றவர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தவரும் அவர்தான். ஆனால் பி.கே. நாயர் என்பவர் தாக்கல் செய்த வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தள்ளுபடி செய்திருந்தார். நாயர் வழக்குப் போட்டார். தள்ளுபடி செய்தது தவறு என்று கண்ட தீர்ப்பாயம் 1957 நவம்பரில் தேர்தலையே ரத்து செய்தது. கேரள சட்டமன்றத்தின் முதல் உறுப்பினர், நீதிமன்ற உத்தரவால் பதவி இழந்த முதல் உறுப்பினரும் ஆனார்.

இதில் ரோசம்மாவின் தவறு எதுவும் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100ஆவது பிரிவு அப்படி. ஒரு வேட்புமனுவை முறையின்றி ஏற்றுக்கொண்டார்கள் என்று வழக்கு வந்தால், அது முடிவைப் பாதித்ததா என்று பார்க்க வேண்டும். முறையின்றித் தள்ளிவிட்டார்கள் என்று நிரூபணமானால் அந்தக் கேள்வியே கிடையாது, தேர்தல் செல்லாது. அந்த ஆள் நின்றிருந்தால் பத்து ஓட்டு வாங்கியிருப்பாரா, பத்தாயிரம் வாங்கியிருப்பாரா என்று யாரும் ஊகிக்க முடியாது. மக்களுக்கு முன் வைக்க வேண்டிய ஒரு பெயரை மறைத்துவிட்டால் தேர்தல் முழுமையானது அல்ல என்பது அதன் அடிப்படை. நியாயமான விதி என்றே நினைக்கிறேன்.

இடைத்தேர்தல் 1958 மே மாதம் நடந்தது. அதன் எடை சாதாரணமானது இல்லை. 126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60 பேர், ஆதரவு தந்த சுயேச்சைகள் ஐந்து பேர். ஈ.எம்.எஸ். அரசு நூலிழையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு தொகுதி கைநழுவினாலும் கணக்கு ஆட்டம் காணும். அதனால் இரண்டு பக்கமும் ஆட்களை மலையேற்றின. வழக்குப் போட்ட அதே நாயர்தான் காங்கிரஸ் வேட்பாளர். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினார். அவர் தம்பி, பின்னாளில் இளையராஜா என்று உலகம் அறிந்த சிறுவன், அந்தப் பிரச்சார மேடைகளில் பாடத் தொடங்கிய கதையைத் தேனிப் பக்கம் இன்றும் சொல்வார்கள். தேயிலைக் காட்டுக்குள் ஓட்டுக் கேட்க வேண்டுமானால் தமிழில்தான் கேட்டாக வேண்டும் என்று இரண்டு கட்சிகளுக்கும் தெரிந்திருந்தது. ரோசம்மா 7,089 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தீர்ப்பாயம் கேட்ட கேள்விக்கு மக்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

சரி, 2021க்கு வருவோம்.

தேவிகுளம் இப்போது பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் 2006, 2011, 2016 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றிருந்தார். 2021இல் அவருக்குப் பதில் ஏ. ராஜாவை நிறுத்தினார்கள். காங்கிரஸ் சார்பில் டி. குமார். பாரதிய ஜனதா கூட்டணியில் அதிமுக சார்பில் மனு கொடுத்தவரின் வேட்புமனு பரிசீலனையிலேயே தள்ளுபடியானது. ஏற்றுக்கொண்ட ராஜாவின் மனுவுக்கும் ஆட்சேபம் வந்தது. அவர் இந்து பறையர் அல்ல, கிறிஸ்தவர், தனித்தொகுதியில் நிற்கத் தகுதியில்லை என்றார் குமார். ராஜாவின் கையில் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ் இருந்தது. தேர்தல் அதிகாரி ஆட்சேபத்தை ஏற்கவில்லை.

தேர்தல் ஏப்ரல் 6 அன்று நடந்தது. தமிழ்நாட்டிலும் அதே நாள்தான் ஓட்டுப்பதிவு. எல்லைக்கு இருபுறமும் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் பற்றிய குற்றச்சாட்டு அந்த வருடமும் பலமாக எழுந்தது. அது இந்த வழக்குக்கு வெளியே. எண்ணிக்கையில் ராஜாவுக்கு 59,049, குமாருக்கு 51,201.

ராஜா சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். அவருக்குக் கொடுத்த படிவத்தில் ஒரு தொடர் விடுபட்டிருந்ததால் சில நாளில் மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. இதற்குள் குமாரின் தேர்தல் மனு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி இது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது. அந்தப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. தமிழ்நாட்டில் இருக்கும் சாதிப் பெயர் கேரளத்திலும் இருந்தாலும், ஒரு மாநிலத்தில் உள்ள தகுதியை இன்னொரு மாநிலத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆகவே இரண்டைப் பார்க்க வேண்டும். குடும்பம் மதம் மாறியதா? ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இந்த மலைக்குக் குடிவந்துவிட்டதா?

இந்த இரண்டாவது கேள்வி எஸ்டேட் தமிழர்கள் எல்லோருடைய வயிற்றையும் கலக்கும் கேள்வி. லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், தன் தாத்தா 1950க்கு முன் இங்கே இருந்தார் என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? பட்டா கிடையாது. வரிசையாக ஒரே கூரைக்குக் கீழ் நிற்கும் அந்த வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம்; வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீட்டு வரி ரசீது அவர்கள் பெயரில் இருக்காது. பள்ளிக்கூடம் போகாத தலைமுறைக்குப் பள்ளிச் சான்றிதழும் இல்லை. மிச்சம் இருப்பவை எஸ்டேட்டின் வேலைப் பதிவு, ரேஷன் கார்டு, அப்புறம் கோயிலோ சபையோ வைத்திருக்கும் பதிவேடு. கம்பெனி கைமாறும்போது பழைய பதிவுகள் எங்கே போகின்றன என்று தொழிலாளிக்குச் சொல்வார் இல்லை. சபைப் பதிவேடு மட்டும் பெரும்பாலும் அலமாரியில் பத்திரமாக இருக்கும். பெயர், தகப்பன் பெயர், தேதி என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார்கள்.

வழக்கு முழுக்க அந்தப் பதிவேடுகளைச் சுற்றியே நடந்தது. குண்டளையில் உள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாம் நீதிமன்றத்துக்கு வந்தன. அவற்றில் அடித்தல் திருத்தல்கள் இருந்தன. பதிவு இன்னொரு குடும்பத்தைப் பற்றியது என்று தோன்றச் செய்வதற்காகத் திருத்தியிருக்கிறார்கள் என்பது மனுதாரர் வாதம். ராஜாவின் திருமணப் புகைப்படங்களும் சான்றாக வந்தன. மாப்பிள்ளை பெண் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது வரை நீதிமன்றம் பார்த்தது. 2023 மார்ச் 20 அன்று தீர்ப்பு. வேட்புமனு கொடுக்கும் காலத்தில் ராஜா கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றி வந்தார், கேரளத்தின் இந்து பறையர் வகுப்பில் அவர் சேரமாட்டார், தேர்தல் செல்லாது என்றது உயர் நீதிமன்றம்.

ஒரு குடும்பத்தின் கல்யாணப் படத்தை வைத்து ஒரு தொகுதியின் முடிவைத் தீர்மானிக்கும் நிலைமை எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. நீதிபதியைக் குறை சொல்லவில்லை. சட்டம் கேட்கும் கேள்விக்கு இப்படித்தான் சான்று தேட முடியும். ஆனால் மலையில் ஒரே குடும்பத்தில் அண்ணன் வீட்டில் மாரியம்மன் படமும் தம்பி வீட்டில் சிலுவையும் இருப்பது சர்வ சாதாரணம். கல்யாணத்துக்கு எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போவார்கள். பெயரை வைத்து மதம் சொல்ல முடியாது. இந்த வாழ்க்கையை ஒரு பதிவேட்டின் கட்டத்துக்குள் அடைப்பது கஷ்டம்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததுதான் தொகுதி மக்களைப் பொறுத்தவரை மோசமான பகுதி. மேல்முறையீடு செய்வதற்காக உயர் நீதிமன்றமே பத்து நாள் தன் உத்தரவை நிறுத்தி வைத்தது. அது முடிந்தபின் ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தரும் வரை தேவிகுளத்துக்கு உறுப்பினர் உண்டா இல்லையா என்றே சொல்ல முடியாத நிலை. இடைக்கால உத்தரவும் பாதிக் கதவுதான். சட்டமன்றத்துக்குப் போகலாம், ஆனால் வாக்களிக்க முடியாது, படி எதுவும் பெற முடியாது. இப்படி ஒரு நிபந்தனை விதிப்பது தேர்தல் வழக்குகளில் வழக்கமானதே. ஆனால் பாதிக்கப்படுவது ராஜாவின் படி மட்டும் இல்லை. 59,049 பேர் விரும்பித் தேர்ந்தெடுத்த கை, அவையில் தூக்க முடியாத கையாகிவிட்டது. அவருக்கு ஓட்டுப் போடாதவர்களுக்கும் அதே நஷ்டம்தான். அவர்களுக்கும் அவர்தான் உறுப்பினர்.

இந்தத் தொகுதியில் கேட்க வேண்டிய விஷயங்கள் அப்போது இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேரை எடுத்துக்கொண்டு போனது. வீட்டு மனை, லயங்களின் நிலை, கூலி என்று பேச ஆயிரம் இருந்தது. 2015இல் பெண் தொழிலாளர்கள் எந்தத் தொழிற்சங்கத்துக்கும் காத்திருக்காமல் போனசுக்காகச் சாலையில் உட்கார்ந்து, பொம்பிளை ஒருமை என்று பெயர் வாங்கிய ஊர் இது. தங்கள் உறுப்பினருக்கு ஓட்டுரிமை உண்டா என்று தெரியாமல் இவர்களைக் காத்திருக்கச் சொன்னது எந்தத் தனிமனிதரின் முடிவும் அல்ல, முறையின் வேகம்.

2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. தேர்தல் செல்லும் என்றும், பதவிக்காலம் முழுமைக்குமான பலன்கள் ராஜாவுக்குச் சேர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நின்றுபோன பணத்தைத் திருப்பித் தரலாம். போடாமல் விட்ட ஓட்டுகளைத் திருப்பித் தர முடியாது.

இது தேவிகுளத்தின் தனி விதி என்று நினைக்க வேண்டாம். 2009 மக்களவைத் தேர்தலில் மாவேலிக்கரை தனித்தொகுதியில் வென்ற கொடிக்குன்னில் சுரேஷுக்கும் இதே வழக்குதான். அவர் பட்டியல் சாதியினர் அல்ல என்று 2010இல் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அதே இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில், அதுவும் எஸ்டேட் தமிழர்கள் நிறைந்த தொகுதி, 2021இல் வாழூர் சோமன் 1,835 ஓட்டில் வென்றார். வேட்புமனுவில் தகவல்களை மறைத்தார் என்று எதிர்த்தவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தபோது 2024 மே.

வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் சண்டை வேறு மாதிரி. மலப்புறம் மாவட்டத்துப் பெரிந்தல்மண்ணையில் அதே 2021இல் முஸ்லிம் லீக்கின் நஜீப் காந்தபுரம் 38 ஓட்டில் வென்றார். எண்ணாமல் ஒதுக்கிய 348 தபால் ஓட்டுகளை எண்ணினால் முடிவு மாறும் என்று தோற்றவர் வாதிட்டார். நடுவில் தபால் ஓட்டுப் பெட்டி ஒன்று வைத்த இடத்தில் இல்லாமல், வேறொரு அரசு அலுவலகத்தில் கிடைத்த கூத்தும் நடந்தது. 2024 ஆகஸ்ட்டில்தான் மனு தள்ளுபடி. 38 ஓட்டு என்றால் தபால் கவரைப் பிரிக்கச் சொல்வார்கள். 1,835, 7,848 என்றால் எண்ணிக்கையில் கை வைத்துப் பயனில்லை. வேட்பாளரின் தகுதியையும் மனுவையும்தான் தோண்ட வேண்டும். எந்த வழியில் போனாலும், 2021இன் இந்த மூன்று வழக்குகளும் முடிய, முடிவு வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.

ஏன் இப்படி? அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு, தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது, எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுவாகத்தான் வர வேண்டும் என்கிறது. இதை உறுதிப்படுத்திய முதல் தீர்ப்பு நம்மூர் வழக்குதான். நாமக்கல்லில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி நீதிமன்றம் போனார். ஓட்டுப்பதிவுக்கு முன் தலையிட முடியாது என்று 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மனுவுக்கும் தடை உத்தரவு வாங்கினால் தேர்தலே நடக்காது என்ற பயம் அதில் இருந்தது. அந்தப் பயம் சரியானது. ஆனால் அதற்கு விலையாக, தேர்தல் மனு சீக்கிரம் முடிய வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: அதன் 86ஆவது பிரிவு, மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. 1966 வரை இதற்கென்றே அமைக்கும் தீர்ப்பாயங்கள் இருந்தன. அதற்குப்பின் வேலை உயர் நீதிமன்றங்களிடம் போனது. அங்கே தேர்தல் மனு ஆயிரம் வழக்குகளில் ஒன்று.

1957இல் ஏழெட்டு மாதத்தில் முடிந்தது 2021இல் நான்கு வருடம் ஆனதற்கு வழக்கின் சிக்கலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. தனித்தொகுதியில் சாதி பற்றிய சந்தேகத்தைத் தேர்தல் நேரத்தில் தேர்தல் அதிகாரி தீர்க்கவே முடியாது. அவருக்கு இருப்பது ஒன்றிரண்டு நாள். சான்றிதழைப் பார்த்து ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்று கேரளத்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சாதிச் சான்றிதழ்களை ஆராயும் குழு இருக்கிறது. தனித்தொகுதியில் நிற்கப் போகிறவர் தேர்தல் அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே அந்தக் குழுவிடம் சான்றிதழைக் கொடுத்து முடிவு வாங்கலாம், ஆட்சேபிப்பவர் அங்கேயே ஆட்சேபிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு வந்தால் பாதிச் சண்டை ஓட்டுப்பதிவுக்கு முன்பே தீர்ந்துவிடும். கட்சிகளுக்கும் இது நல்லது. வேட்பாளரைக் கடைசி வாரத்தில் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை மட்டும் அவர்கள் விட வேண்டும்.

தேர்தல் மனுக்களை மட்டும் கேட்கும் நீதிபதி ஒருவரை, தேர்தல் முடிந்த முதல் வருடத்துக்கு ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் ஒதுக்கலாம். மேல்முறையீட்டுக்கும் ஒரு காலக்கெடு வேண்டும். தீர்ப்பை நிறுத்தி வைத்து உறுப்பினரின் ஓட்டுரிமையைப் பறித்தால், அந்த வழக்கை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடருக்குள் முடித்தாக வேண்டும்.

எஸ்டேட் மக்களுக்கு இதோடு இன்னொன்றும் தேவை. கம்பெனிகளிடம் உள்ள பழைய வேலைப் பதிவுகளை மாவட்ட நிர்வாகம் நகலெடுத்து, கேட்கிற தொழிலாளி குடும்பத்துக்குச் சான்றிட்ட படியாகத் தர வேண்டும். தாத்தா எந்த எஸ்டேட்டில், எந்த டிவிஷனில், எந்த ஆண்டு பேர் பதிந்தார் என்ற ஒரு வரி கையில் இருந்தால், சட்டமன்றத்துக்கு நிற்பவருக்கு மட்டும் இல்லை, மகளுக்குக் கல்லூரி இடம் கேட்டுத் தாலுகா ஆபீசில் நிற்கும் அம்மாவுக்கும் அது உதவும். சான்றிதழ் கேட்டுப் போகிற இடத்தில் அவரிடமும் இதே 1950ஐத்தான் கேட்கிறார்கள்.